வினாவும் விடையும் ஐயமும்: அமெரிக்க விசா நேர்காணலைத் தமிழ் இலக்கண மரபின் வழி நோக்கல்

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்விக்காகவும் உறவினரைக் காண்பதற்காகவும் அயல்நாடு செல்லும் தமிழர் பலருக்கு விசா நேர்காணல் தவிர்க்க இயலாத நிகழ்வாகியுள்ளது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அவ்வுரையாடல் ஒருவரது கல்வியின் போக்கையும் குடும்பத்தின் பொருள்நிலையையும் மாற்ற வல்லது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தற்காலிக விசாவிற்காக நடைபெறும் நேர்காணலைக் களமாகக் கொண்டு, அதன் சட்டப் பின்புலத்தையும் மொழி அமைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் வினா, விடை பற்றிய கருத்துகள் இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. மறைமுக விடையையும் விடையாக ஏற்கும் தமிழ் மரபு, கேட்பவரின் நல்லெண்ணத்தை முன்நிபந்தனையாகக் கொண்டுள்ளது என்பதும், விசா நேர்காணலில் அந்நல்லெண்ணத்தின் இடத்தைச் சட்டம் வகுத்த ஐயம் பிடித்துக்கொள்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: விசா நேர்காணல், வினா வகை, விடை வகை, நன்னூல், தொல்காப்பியம், குடியேறும் எண்ணம், உறவுப்பெயர், நிறுவன உரையாடல்.

முன்னுரை

நேர்காணல் என்னும் சொல் இன்றைய தமிழில் இதழியல், வேலைவாய்ப்பு, கள ஆய்வு, விசா வழங்கல் எனப் பல களங்களில் வழங்குகிறது. இதழாளர் செய்தியை நாடி வினவுகிறார். வேலை தருபவர் தகுதியை நாடி வினவுகிறார். கள ஆய்வாளர் தரவை நாடி வினவுகிறார். விசா வழங்கும் அலுவலர் நாடுவது இவற்றினின்று வேறானது. விடையளிப்பவர் எதிர்காலத்தில் என்ன செய்ய எண்ணியுள்ளார் என்பதே அவர் அறிய வேண்டியது. எண்ணம் கண்ணுக்குப் புலனாகாதது. ஆவணத்தில் முழுமையாக அடங்காதது. எனவே அது பேச்சின் வழியே ஊகித்தறியப்பட வேண்டியதாகிறது. இவ்வகையில் விசா நேர்காணல் மொழியாராய்ச்சிக்குரிய களமாக அமைகிறது.

சர்வதேசக் கல்வி நிறுவனம் வெளியிடும் 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கையின்படி 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். தமிழ்நாட்டு மாணவர்களுக்கும், பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர்க்கும் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை அடுத்துள்ள அமெரிக்கத் துணைத் தூதரகமே இந்நேர்காணலின் இயல்பான களம். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் வினாக்களும் விடைகளும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எவரொருவரின் நேர்காணலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. சட்டப் பின்புலம்

நேர்காணலில் எழும் வினாக்களின் இயல்பை விளங்கிக்கொள்ள அவற்றுக்குப் பின்னுள்ள சட்டத்தை அறிதல் இன்றியமையாதது. 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், குடியேற வருவோர் புறப்படும் நாட்டிலேயே தூதரக அலுவலரிடம் விசா பெறுதலை முறைப்படுத்தியது. துறைமுகத்தில் நடந்துவந்த தெரிவு இதனால் கடலுக்கு அப்பால் இடம்பெயர்ந்தது. நாட்டின் எல்லை, ஒருவகையில், அயல்நாட்டு நகரங்களின் அலுவலகச் சாளரங்களுக்கு நகர்ந்தது எனலாம்.

இன்றும் நடைமுறையிலுள்ள அடிப்படைச் சட்டம் 1952ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டமாகும். அதன் 214(பி) பிரிவு, தற்காலிக விசா கோரும் அயல்நாட்டவரை நிலையாகக் குடியேற வருபவராகவே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. அவ்வாறன்று என்பதை அலுவலர் நிறைவுறும் வகையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரைச் சார்ந்தது. எச்-1பி, எல் போன்ற சில பணிசார் விசாக்களுக்கு இம்முற்கோளிலிருந்து விலக்கு உண்டு. மாணவர்க்கான எஃப்-1 விசாவுக்கும் வருகையாளர்க்கான பி வகை விசாவுக்கும் விலக்கில்லை. மாணவரின் வரையறையிலேயே, கைவிடும் எண்ணமில்லாத உறைவிடம் ஒன்று அவருக்குத் தம் நாட்டில் இருத்தல் வேண்டும் என்பது அடங்கியுள்ளது.

குற்றவியல் வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாகக் கொள்ளப்படுகிறார். விசா நேர்காணலில் இவ்வரிசை தலைகீழாகிறது. அலுவலர் ஒருவரின் தனிப்பட்ட மனப்பாங்கு இதற்குக் காரணமன்று. அவர் எவ்வளவு கனிவுடையவராயினும் சட்டம் அவரை ஐயத்திலிருந்தே தொடங்கச் செய்கிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர் நேர்காணலின்றி விசா வழங்கும் வழக்கம் பெரிதும் சுருங்கியது. 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உளவுத்துறைச் சீர்திருத்தச் சட்டம், 14 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கு, சில விலக்குகள் நீங்கலாக, நேர்காணலைக் கட்டாயமாக்கியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் விரிவாக்கப்பட்ட விலக்குகள் 2025 செப்டம்பர் 2 முதல் மீண்டும் குறைக்கப்பட்டன.

214(பி) பிரிவின்கீழ் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. மீண்டும் விண்ணப்பிக்கலாம், புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும். 2023 ஜூன் 17 முதல் மாணவர், வருகையாளர் விசாக்களுக்கான விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். மறுப்பு நேர்ந்தாலும் அது திரும்பக் கிடைப்பதில்லை. பின்வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முந்தைய மறுப்பைக் குறிப்பிடவும் வேண்டும். தூதரக அலுவலரின் முடிவைப் பொதுவாக நீதிமன்றம் மறு ஆய்வு செய்வதில்லை என்னும் கோட்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டின் முன்யோஸ் வழக்கிலும் வலியுறுத்தியது. ஆக, சாளரத்தின் முன் சொல்லப்படும் சொல்லுக்கு அவ்விடத்திலேயே பயன் உண்டு. பின்னர் விளக்கி உரைக்க வேறு மன்றம் இல்லை.

2. நேர்காணலின் அமைப்பு

நேர்காணல் சாளரத்தின் முன் தொடங்குவதன்று. டிஎஸ்-160 என்னும் இணையவழிப் படிவத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. பெயர், பெற்றோர், கல்வி, தொழில், முந்தைய பயணம், அமெரிக்காவிலுள்ள உறவினர் ஆகியன பற்றிய வினாக்கள் அதில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. சமூக ஊடகக் கணக்குகளின் விவரமும் அதில் கோரப்படுகிறது. 2025 ஜூன் மாதம் முதல் மாணவர்கள் அக்கணக்குகளைப் பிறர் காணும்படி திறந்து வைக்கவும் பணிக்கப்பட்டுள்ளனர். மாணவராயின் பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 சான்றும், மாணவர் பதிவு முறைமைக்கான 350 டாலர் கட்டணமும் தேவை. பின்னர் விண்ணப்ப மையத்தில் கைரேகையும் ஒளிப்படமும் பதிவாகின்றன. நேர்காணல் நாளில் கைப்பேசி முதலியவற்றை வெளியே விட்டுவிட்டு, பாதுகாப்புச் சோதனை கடந்து, வரிசையில் நின்று சாளரத்தை அடைய வேண்டும்.

சாளரத்தின் இருபுறமும் உள்ள நிலை சமனற்றது. அலுவலர் அமர்ந்திருக்கிறார், விண்ணப்பதாரர் நிற்கிறார். இடையே தடித்த கண்ணாடி. குரல் ஒலிவாங்கியின் வழி வருகிறது. அலுவலரின் முன்னுள்ள திரையில் விண்ணப்பதாரரின் விவரங்கள் உள்ளன. விண்ணப்பதாரர்க்கு அலுவலரின் பெயரும் தெரியாது. பின்னால் நிற்போர்க்கு இவருடைய விடைகள் கேட்கும். பல மாதங்கள் சேர்த்த சான்றுகளைக் கோப்பில் அடுக்கிக் கொண்டுசென்றாலும் அவற்றுள் ஒன்றுகூடக் கேட்கப்படாமல் போகலாம். ஆவணத்தைவிடப் பேச்சிற்கே முதன்மை கிடைப்பது இங்கு வெளிப்படை.

முடிவும் பேச்சின் வழியே அமைகிறது. விசா ஏற்கப்பட்டது என அலுவலர் கூறும் தொடர் ஒரு செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் அச்செயலையே நிகழ்த்துகிறது. ஜே.எல். ஆஸ்டின் செயல்நிகழ்த்தும் கூற்று என விளக்கியது இவ்வகைத் தொடரையே. கடவுச்சீட்டு உள்ளே வைத்துக்கொள்ளப்பட்டால் பெரும்பாலும் ஏற்பு. ஒரு தாளுடன் திருப்பித் தரப்பட்டால் மறுப்பு. அத்தாளில் சட்டப் பிரிவின் விளக்கம் அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட ஒருவரின் எந்த விடை நிறைவளிக்கவில்லை என்பது அதில் இராது. காரணம் அறியாத நிலை, மறுக்கப்பட்டவரைத் தம் சொற்களையே மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது. ஐதராபாத்தை அடுத்த சிலுக்கூர் பாலாஜி கோயில் 'விசா பாலாஜி' எனப் பெயர் பெற்றதும், வேண்டுதலுக்கு 11 சுற்றும் அது நிறைவேறியபின் 108 சுற்றும் வலம் வரும் வழக்கம் அங்கு நிலைபெற்றதும், காரணம் புலப்படாத தீர்ப்பை மக்கள் எதிர்கொள்ளும் முறையைக் காட்டுகின்றன.

3. வினாக்களின் இயல்பு

பவணந்தி முனிவர் நன்னூலின் சொல்லதிகாரத்தில், பொதுவியலுள், வினாவை அறுவகையாகப் பகுக்கிறார். தாம் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனச் சோதிக்க வினவுவது அறிவினா. அறியாததை அறிய வினவுவது அறியாவினா. இரண்டனுள் எது எனத் துணிய இயலாது வினவுவது ஐயவினா. ஒன்றைப் பெறும்பொருட்டு வினவுவது கொளல்வினா. கொடுக்கும்பொருட்டு வினவுவது கொடைவினா. ஒரு செயலில் ஏவும்பொருட்டு வினவுவது ஏவல்வினா. இப்பகுப்பு வினாவின் வடிவத்தைக் கொண்டு அமைந்ததன்று. வினவுபவரின் அறிவுநிலையையும் நோக்கத்தையும் கொண்டு அமைந்தது. ஒரே தொடர், வினவுபவரின் நிலைக்கேற்ப வெவ்வேறு வகையாகலாம். விசா நேர்காணலை ஆராய இக்கருவி பொருந்துவது இதனாலேயே.

"எந்தப் பல்கலைக்கழகம்?" என்னும் வினாவை நோக்கலாம். வடிவில் இது அறியாவினா. ஆயினும் பல்கலைக்கழகத்தின் பெயர் அலுவலரின் திரையில் ஏற்கெனவே உள்ளது. எனவே இது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது போன்றது. விண்ணப்பதாரர் பெயரை மட்டும் கூறி நின்றால் வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் அவ்வினாவின் நோக்கம் நிறைவேறுவதில்லை. தாம் செல்லவிருக்கும் இடத்தை அவர் உண்மையிலேயே அறிந்து தேர்ந்தாரா என்பதே சோதிக்கப்படுகிறது.

"செலவை யார் ஏற்கிறார்?" என்பது ஒருவகையில் அறியாவினா, மற்றொரு வகையில் ஐயவினா. பணம் உண்டா என்பதோடு, பணம் போதாமல் அங்கு முறையற்ற பணியை நாட நேருமா என்னும் ஐயமும் அதனுள் உள்ளது. "வங்கி ஆவணம் இருக்கிறதா?" என்பது கொளல்வினா, ஆம் எனக் கூறுவதைவிட ஆவணத்தை எடுத்து நீட்டுவதே அதற்குரிய விடை. "வலக்கை விரல்களை வைத்தீர்களா?" என்பது ஏவல்வினா. கொடைவினாவுக்கு மட்டும் சாளரத்தின் முன் ஏறக்குறைய இடமில்லை. 'வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?' என வாய்ப்பளிக்கும் வினா எழுமாயின் அதனைக் கொடைவினாவின்பாற் படுத்தலாம். கால நெருக்கடி மிக்க நேர்காணலில் அதனை எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வாறு பகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மேற்பரப்பில் வினாக்கள் பல. அடியில் இருப்பது ஒரே ஐயவினா. இவர் திரும்பி வருவாரா, அங்கேயே தங்கிவிடுவாரா என்பதே அது. கல்வி, வருவாய், உறவு, திருமணம் பற்றி எழும் ஒவ்வொரு வினாவும் 214(பி) பிரிவு நிறுத்தி வைத்துள்ள அந்த ஐயத்தின் கிளையாகவே அமைகிறது. அடியிலுள்ள வினா பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாத வினாவுக்குக் கேட்கப்பட்ட வினாக்களின் வழியே விடையளிக்க வேண்டிய நிலையில் விண்ணப்பதாரர் நிற்கிறார்.

4. விடைகளின் இயல்பு

நன்னூல் விடையை எண்வகையாகப் பகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் வெளிப்படை விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் பொருள் தருவன. அப்பொருளைத் தருதலால் அவையும் விடைகளாக ஏற்கப்படுகின்றன. தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் செப்பும் வினாவும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என வகுத்துவிட்டு, வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பே என்கிறார். செப்பு வழுவி வந்தாலும் வினாவின் பொருளோடு இயைபுடையதாயின் விலக்கப்படாது என்றும் அமைதி கூறுகிறார். விடையின் வடிவம் பிறழ்ந்தாலும் பொருள் இயைந்தால் போதும் என்பது இம்மரபின் நிலைப்பாடு.

"படிப்பு முடிந்தபின் ஊர் திரும்புவீர்களா?" என்னும் வினா வெளிப்படையாகவே எழுவதாகக் கொள்வோம். அதற்குத் தமிழ்ப் பேச்சில் இயல்பாக எழக்கூடிய விடைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

"திரும்புவேன்" என்பது நேர்விடை. "திரும்பாமல் எங்கே போவேன்?" என்பது வினா எதிர் வினாதல். "போன ஆண்டு அப்பா தவறிவிட்டார், அம்மா தனியாக இருக்கிறார்" என்பது உற்றது உரைத்தல். "நான் வராவிட்டால் அம்மா தாங்கமாட்டார்" என்பது உறுவது கூறல். "ஊரில் வீடும் நிலமும் இருக்கின்றன" என்பது இனமொழி. தமிழ் கேட்போர் ஒருவர்க்கு இவ்வைந்தும் 'திரும்புவேன்' என்னும் ஒரே பொருளைத் தருவன. பின்னைய நான்கும் வெறும் நேர்விடையைக் காட்டிலும் அழுத்தமுடையனவாகவும் தோன்றும். வினா எதிர் வினாதலில் ஐயத்திற்கே இடமில்லை என்னும் உறுதி உள்ளது.

அதே விடைகள் ஐயத்தோடு கேட்கும் செவிக்கு வேறாகின்றன. எதிர்வினா, வினாவைத் தவிர்ப்பதாகத் தோன்றலாம். தந்தையின் இறப்பைக் கூறுதல், வருவாய் நின்றுபோனதைக் காட்டுவதாகக் கொள்ளப்படலாம். தாயின் துயரத்தைக் கூறுதல் இரக்கம் தேடுவதாகப் படலாம். நிலம் உள்ளமையைக் கூறுதல், கேட்ட வினாவுக்கு விடையன்று என ஒதுக்கப்படலாம். சொல் மாறவில்லை, கேட்பவர் நிலை மாறியுள்ளது.

இங்கு ஒரு தெளிவு தேவை. மறைமுக விடை தமிழ்க்கு மட்டும் உரியதன்று. எம்மொழியிலும் மக்கள் குறிப்பால் விடையளிக்கின்றனர். பேசுவோரும் கேட்போரும் ஒத்துழைக்கின்றனர் என்னும் எடுகோளின் மீதே உரையாடலில் குறிப்புப்பொருள் பிறக்கிறது என்பதை எச்.பி. கிரைஸ் விளக்கியுள்ளார். ஆகவே இதனை இரு பண்பாடுகளின் மோதல் எனச் சுருக்குவது பொருந்தாது. ஒத்துழைப்பு என்னும் எடுகோளின் இடத்தில் ஐயம் என்னும் முற்கோளைச் சட்டம் வைத்துள்ளது என்பதே சரியான விளக்கமாகும். குறிப்பு விடையை நிறைவுசெய்யும் பணி கேட்பவருடையது. அப்பணியைச் செய்யும் கடப்பாடு அலுவலர்க்கு இல்லை. தொல்காப்பியரின் அமைதி, கேட்பவர் இயைபைத் தேடுவார் என்னும் நம்பிக்கையின்மீது நிற்கிறது. நேர்காணலில் அந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

ஒலிக்கும் இதில் பங்குண்டு. ஜான் கம்பர்ஸ் 1982ஆம் ஆண்டு நூலில், லண்டன் விமான நிலைய உணவகம் ஒன்றில் பணியாற்றிய தெற்காசியப் பெண்கள் இறங்கும் தொனியில் கூறிய ஒற்றைச் சொல், பணிவற்றதாகக் கொள்ளப்பட்டமையை ஆராய்ந்துள்ளார். ஒரு சொல்லின் தொனியே இத்தகைய பிழைபாட்டைத் தருமெனில், சில நிமிட உரையாடலில் அதற்கான வாய்ப்பு மிகுதி.

தமிழில் விடைபெறும்போது 'போகிறேன்' எனக் கூறுவதில்லை. 'போய் வருகிறேன்' என்பதே வழக்கு. இதனை மங்கல வழக்கின்பாற் படுத்தலாம். மீளுதல் பற்றிய உறுதி அன்றாடச் சொல்லிலேயே அமைந்துள்ளது. ஆனால் மங்கல வழக்கு சடங்குச் சொல். வராமல் போனவரும் அதனைச் சொல்லியே போனார். அலுவலர் கேட்பது சடங்கினைக் கடந்த சான்று. எதிர்காலம் பற்றிய எண்ணத்திற்குச் சான்று கேட்கப்படும்போது சொல்லும் செயலும் ஆவணமும் தனித்தனியே போதாமற் போகின்றன.

5. உறவுப்பெயரும் இயற்பெயரும்

விடையளிக்கும் முறையோடு, விடையில் இடம்பெறும் பெயர்களும் சிக்கலைத் தோற்றுவிக்கின்றன. டிஎஸ்-160 படிவம், அமெரிக்காவில் உடன்பிறந்தார் முதலிய நெருங்கிய உறவினர் உளரா என ஒரு வினாவையும், வேறு உறவினர் உளரா என மற்றொரு வினாவையும் கேட்கிறது. தமிழில் பெரியப்பா மகனும் அண்ணன். சித்தி மகனும் தம்பி. படிவத்தில் நெருங்கிய உறவினர் இல்லை எனச் சரியாகவே நிரப்பிய ஒருவர், சாளரத்தின் முன் 'அண்ணன் டெக்சாசில் இருக்கிறார்' என்னும் பொருளில் 'மை பிரதர்' எனக் கூறிவிடுவாராயின், படிவமும் பேச்சும் முரண்படுகின்றன. தமிழ் உறவுமுறையில் பொய் ஏதும் இல்லை. ஆங்கிலச் சொல்லில் முரண் உள்ளது. விசாவுக்காக இன்றியமையாத செய்தி ஒன்றை வேண்டுமென்றே திரித்துக் கூறியதாக முடிவு செய்யப்பட்டால் நிலையான தகுதியின்மை நேரக்கூடும் என்பதனால், இத்தகைய முரண் தோன்றிய உடனே அதனை விளக்கிவிடுதல் இன்றியமையாததாகிறது.

'மாமா செலவை ஏற்கிறார்' என்னும் விடையும் இத்தகையதே. தாய்மாமன், உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை தமிழ்ச் சமூகத்தில் விளக்கம் வேண்டாதது. காதுகுத்து முதல் திருமணம் வரை சீர் செய்பவர் படிப்புக்கும் பணம் தருவது இயல்பு. இவ்வுறவின் கனத்தை 'அங்கிள்' என்னும் சொல் சுமப்பதில்லை. தமக்குப் பிள்ளைகள் உள்ள ஒருவர் வேறொருவர் பிள்ளைக்கு ஏன் இத்தனை பணம் தர வேண்டும் என்னும் ஐயம் அலுவலர்க்கு எழுந்தால் அது வியப்பன்று. 'அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவை அவரே ஏற்றுவருகிறார்' என விரித்துரைக்கும்போது உறவும் கடமையும் விளங்குகின்றன.

வேளாண் குடும்பத்தினர்க்கு 'ஆண்டு வருவாய் எவ்வளவு?' என்னும் வினா வேறொரு இடர்ப்பாட்டைத் தருகிறது. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு எண் உண்டு. மழையையும் விலையையும் நம்பி வாழ்வோர்க்கு ஏக்கரும் மூட்டையுமே கணக்கு. 'ஐந்து ஏக்கர் நஞ்சை' என்பது இனமொழி விடையாக நிற்கிறதேயன்றி எண்ணாக மாறுவதில்லை. 'யார் முடிவு செய்தது?' என்னும் வினாவுக்கு 'வீட்டில் எல்லாரும் பேசி முடிவு செய்தோம்' எனப் பன்மையில் விடையளிப்பது தமிழர்க்குப் பொறுப்புணர்வின் அடையாளம். தனிமனிதரின் தெரிவை நாடும் வினாவுக்கு அது முடிவெடுக்காதவரின் விடையாகத் தோன்றலாம்.

இயற்பெயரும் படிவத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு தம் பெயரை மட்டும் எழுதுவது தமிழ் வழக்கு. குடும்பப்பெயர் என்னும் பகுதியை நிரப்ப இவ்வழக்கில் எதுவும் இல்லை. ஒரு பெயர் மட்டுமே கொண்ட கடவுச்சீட்டுடையோர்க்கு, அமெரிக்க விசாவில் அப்பெயர் குடும்பப்பெயருக்கான இடத்தில் அச்சாகிறது. இயற்பெயருக்கான இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கமாகிய எஃப்.என்.யு. என்னும் மூன்றெழுத்துகள் நிற்கின்றன. சாதிப்பெயரை நீக்கித் தலைப்பெழுத்தை மட்டும் ஏற்ற ஒரு சமூகத்தின் வரலாற்றுத் தெரிவு, படிவத்தில் ஒரு குறைபாடாகப் பதிவாவதை இங்குக் காணமுடிகிறது.

6. பயின்ற விடையும் உண்மை விடையும்

வெளிப்படை விடையே பயன் தருவது எனில், விடைகளை முன்கூட்டியே பயின்று கொள்ளலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. வெளிநாட்டுக் கல்வி வழிகாட்டி மையங்கள் மாதிரி நேர்காணல்களை நடத்துகின்றன. விடைத்தொகுப்புகளும் மாணவரிடையே கைமாறுகின்றன. இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. ஒரே விடையைப் பலர் ஒரே சொற்களில் கூறும்போது அவ்விடை தன் நம்பகத்தை இழக்கிறது. பயிற்சி இல்லாதவர் மறைமுக விடையால் இடர்ப்படுகிறார். மனப்பாடம் செய்தவர் மனப்பாடத்தாலேயே ஐயத்திற்கு உள்ளாகிறார். நகரத்தில் ஆங்கிலவழியில் பயின்றவர், இயல்பான பேச்சையே தம் பேச்சாகக் காட்ட இயலும். சிற்றூரிலிருந்து தமிழ்வழியில் பயின்று வந்தவர்க்கு ஆங்கில விடை என்பதே பயின்ற விடைதான். நிறுவன வாயில்களில் நிகழும் உரையாடல்களில் பேசுவோரின் சமூகப் பின்னணி முடிவைப் பாதிப்பதை எரிக்சனும் ஷுல்ட்சும் 1982இல் அமெரிக்கக் கல்லூரி ஆலோசகர்களை ஆராய்ந்து காட்டினர். விசா நேர்காணலும் அவ்வகை வாயில்களுள் ஒன்றே.

பெற்றோர் தமிழில் நேர்காணலுக்கு உட்படும்போது, தமிழறிந்த அலுவலரோ மொழிபெயர்ப்பாளரோ இடம்பெறுகிறார். மொழி தடையாக இல்லாத இந்நிலையிலும் விடையின் வகை பற்றிய சிக்கல் நீங்குவதில்லை. 'எத்தனை நாள் தங்குவீர்கள்?' என்னும் வினாவுக்கு, 'பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது. பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்' எனத் தாய் கூறும் விடையில் அன்பும் வருகையின் நோக்கமும் உள்ளன. நாளின் எண்ணிக்கை மட்டும் இல்லை.

உண்மை கூறுவதிலும் இக்கட்டு உண்டு. எஃப்-1 மாணவர் படிப்பு முடித்தபின் 12 மாதங்கள் துறைசார் பயிற்சிப் பணியில் ஈடுபட அமெரிக்க விதிகளே இடமளிக்கின்றன. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறையினர்க்கு மேலும் 24 மாதங்கள் உண்டு. கடன் வாங்கிப் படிக்கச் செல்லும் மாணவர் இவ்வாய்ப்பை எண்ணிப் பாராதிருத்தல் அரிது. எனினும் அதனை முதன்மைப்படுத்திப் பேசினால் குடியேறும் எண்ணம் எனக் கொள்ளப்படுமோ என அஞ்சுகிறார். 22 வயதில் ஒருவர் தம் எதிர்காலம் பற்றி நேர்மையாகக் கூறக்கூடியது 'பார்க்கலாம்' என்பதாகவே இருக்கும். உடன்படவும் செய்யாத, மறுக்கவும் செய்யாத அச்சொல், சட்டம் வேண்டும் உறுதிக்குப் போதாது. நேர்மையான உறுதியின்மைக்கு இவ்வுரையாடலில் இடமில்லை என்பதே நேர்காணலின் மிகக் கடினமான கூறு எனலாம்.

அலுவலரின் தரப்பும் கருதத்தக்கது. நாள்தோறும் எண்ணற்ற விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள். போலிச் சான்றுகளும் உண்மையில் உள்ளன. குறிப்பு விடைகளை நிறைவுசெய்து பொருள் கொள்ள அவருக்கு நேரமும் இல்லை, சட்டக் கடப்பாடும் இல்லை. எனவே குறை ஒரு தனிமனிதரிடம் இருப்பதாகக் கொள்ளாமல், உரையாடலின் அமைப்பிலேயே உள்ளதாகக் கொள்வது ஆய்வுக்குப் பொருத்தமானது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. விசா நேர்காணலில் வடிவால் பலவாகத் தோன்றும் வினாக்கள், 214(பி) பிரிவு நிறுவிய ஒரே ஐயவினாவின் கிளைகளாகும். தமிழ் இலக்கண மரபு மறைமுக விடைகளையும் விடைகளாக ஏற்பது, கேட்பவர் பொருளியைபைத் தேடுவார் என்னும் நம்பிக்கையின் அடிப்படையில் ஆகும். நேர்காணலில் அந்நம்பிக்கை செயற்படாமையால் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்று விடைகளே உறுதியாகப் பயன்தருவன. உறவுப்பெயர், வருவாய்க் கணக்கு, இயற்பெயர் ஆகியவற்றில் தமிழர் வழக்குக்கும் படிவத்தின் வகைப்பாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, உண்மையையே முரணாகத் தோன்றச் செய்ய வல்லது.

இம்முடிபுகளுக்குக் கற்பித்தல் சார்ந்த பயனும் உண்டு. வெளிநாடு செல்லும் மாணவர்க்கு வழிகாட்டும் பேராசிரியர்கள், மனப்பாட விடைகளைத் தருவதற்கு மாறாக, வினாவின் வகையை இனங்காணப் பயிற்றலாம். முதலில் நேர்விடை, அதன்பின் காரணம் என்னும் வரிசையை மாணவர் கைக்கொள்ளும்போது, 'அம்மா தனியாக இருக்கிறார்' என்னும் தொடர் 'திரும்புவேன்' என்பதற்குச் சான்றாக நிற்கும்; விடையைத் தவிர்த்ததாக எண்ணப்படாது. பொருள் மாறாமல் முறை மட்டும் மாறுவதால் உண்மைக்கும் ஊறு நேராது. பள்ளியிலும் கல்லூரியிலும் எடுத்துக்காட்டுத் தொடர்களோடு நின்றுவிடும் வினா, விடை இலக்கணம் இக்காலத்து நிறுவன உரையாடல்களை ஆராயவும் துணைசெய்யும் என்பதற்கு இந்நேர்காணல் ஒரு சான்று. வங்கி, மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் ஆகிய களங்களிலும் இவ்வாய்வை விரிக்க இடமுண்டு. ஒருவர் கூறும் விடையை அடுத்தவர் எவ்வாறு கேட்கக் கடமைப்பட்டுள்ளார் என்னும் வினா அங்கெல்லாம் எழுவதாகும்.